எண்ணெய்க் கசிவும் தேங்காய் நார்த்தூளும்: கைக்கு எட்டியும் கிடங்குக்கு எட்டாத பொருள்

புது தில்லி: இந்தியக் கடற்கரையில் எண்ணெய் கசியும்போதெல்லாம் நாடு ஒரே காட்சியைத்தான் காண்கிறது. கரிய குழம்பு கரையேறிய பிறகு, மீனவர்களும் தன்னார்வத் தொண்டர்களும் வாளிகளையும் குவளைகளையும் கொண்டு அதனை அள்ளுகின்றனர். 2017-ம் ஆண்டு ஜனவரியில் எண்ணூரில் அதுவே நடந்தது. 2023-ம் ஆண்டு டிசம்பரில் அதே எண்ணூரில் மீண்டும் அதுவே நடந்தது.

எண்ணெயை உறிஞ்சித் தன்னுள் பிடித்துவைக்கும் இயற்கைப் பொருள் ஒன்று இதே நாட்டில், பொள்ளாச்சியிலும் ஆலப்புழையிலும் மேடு மேடாகக் குவிந்து கிடக்கிறது. தேங்காய் மட்டையிலிருந்து நாரைப் பிரித்தெடுத்த பின் எஞ்சும் தூள்தான் அது. தொழில் வட்டாரத்தில் இதனை "பித்' என்பர், மலையாளத்தில் "சகிரிச்சோறு' என்று பெயர். நம் ஊர்களில் நார்த்தூள், நார்க்கழிவு என்று பலவாறு வழங்குகிறது.

ஏழைத் தொழிலாளரின் களத்தில் கிடக்கும் இப்பொருளை, எண்ணெய் நிறுவனங்களின் கிடங்குகளுக்குக் கொண்டுசெல்ல முடியுமா? முடியும் என்பதே அறிவியல் தரும் விடை. ஆனால் எங்கே பயன்படும், எங்கே பயன்படாது என்ற தெளிவும், அதை ஒழுங்குபடுத்தும் அரசின் முனைப்பும் அதற்கு வேண்டும்.

கழிவே பெரும்பங்கு

தேங்காய் மட்டையின் எடையில் சுமார் 30 சதவீதம் மட்டுமே நார். ஏறத்தாழ 70 சதவீதம் தூளாக உதிர்ந்துவிடுகிறது. அதாவது, கயிறும் மிதியடியும் மெத்தையும் செய்யப் பயன்படும் நாரைவிட இரு மடங்குக்கும் அதிகமான கழிவை இத்தொழில் உருவாக்குகிறது. ஆண்டுதோறும் இரண்டாயிரம் கோடிக்கும் மேற்பட்ட தேங்காய்கள் விளையும் நாட்டில் இது எத்தனை பெரிய குவியல் என்பதை எளிதில் ஊகிக்கலாம்.

இத்தூள் விரைவில் மட்குவதில்லை. மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்னும் பொருள் இதில் சுமார் 30 சதவீதம் இருப்பதே அதற்குக் காரணம். வெட்டவெளியில் கொட்டப்பட்ட குவியல் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். மழை பெய்தால் அதிலிருந்து பழுப்பு நிறச் சாறு வடிந்து கிணறுகளையும் ஓடைகளையும் கெடுக்கும்.

தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021-ம் ஆண்டில் தென்னை நார் ஆலைகளை "வெள்ளை' வகையிலிருந்து கட்டுப்பாடுகள் மிகுந்த "ஆரஞ்சு' வகைக்கு மாற்றியது. இந்த மாசுப் பிரச்சினையே அதற்கு அடிப்படை. அம்முடிவை எதிர்த்துக் குரல் கொடுத்த சிறு ஆலை உரிமையாளர்களுக்கும், கிணற்று நீர் கெட்டுவிட்டதாக முறையிட்ட விவசாயிகளுக்கும் இடையே இன்றும் முழுமையான இணக்கம் ஏற்பட்டுவிடவில்லை. கழிவுக்குப் பயன் கிடைத்தால் இருதரப்புக்கும் நன்மை என்பதில் ஐயமில்லை.

இத்தூளுக்குச் சந்தையே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. மண்ணில்லா விவசாயத்துக்கும் பசுமைக்குடில் சாகுபடிக்கும் உகந்த ஊடகம் என்பதால் வெளிநாடுகள் இதனை விரும்பி வாங்குகின்றன. 2019-20-ம் ஆண்டில் இந்தியாவின் தென்னை நார்ப் பொருள் ஏற்றுமதி ரூ.2,757.90 கோடி. அதில் 49 சதவீதம், அதாவது ரூ.1,349.63 கோடி, நார்த்தூளால் மட்டுமே கிடைத்தது. கழிவு என்று ஒதுக்கப்பட்டது நாரையும் கயிற்றையும் மிஞ்சிவிட்டது. எனினும், செடி வளர்க்கும் சந்தைக்கு உப்பு நீக்கிக் கழுவிய தரமான தூளே தேவை. கழுவப்படாத, தரம் குறைந்த தூளுக்கு உரிய வழி இன்னும் பிறக்க வேண்டியிருக்கிறது.

உறிஞ்சும் விதம்

நார்த்தூளின் ஒவ்வொரு துகளும் கடற்பஞ்சு போன்றது. நுண்ணறைகளும் மெல்லிய குழாய்களும் நிறைந்தது. விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பதுபோல, இக்குழாய்கள் திரவத்தை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. தன் எடையைப்போல் ஆறு முதல் எட்டு மடங்கு நீரை இது பிடித்துவைக்கும். லிக்னின் எண்ணெயுடன் ஒட்டும் தன்மை உடையதாதலால், காய்ந்த தூள் டீசல், மசகு எண்ணெய் போன்றவற்றையும் நன்கு ஈர்த்துக்கொள்கிறது.

இப்போது பெரும்பாலான இடங்களில் எண்ணெய் சிந்தினால் கொட்டப்படுவது மணல். மணல் துகளுக்குள் நுண்ணறை கிடையாது. எண்ணெய் துகள்களுக்கு இடையே தங்குமேயன்றி உள்ளே செல்லாது. ஒரு பீப்பாய் எண்ணெயை அடக்க எடையில் அதைப்போல் பல மடங்கு மணல் வேண்டும். பிறகு அத்தனை மணலும் எண்ணெய்க் கழிவாகிவிடும். அள்ளுவதும் பாரம், அகற்றுவதும் பாரம்.

நார்த்தூள் தன் எடையைப்போல் நான்கு மடங்கு எண்ணெயை மட்டுமே உறிஞ்சும் என்று குறைத்து வைத்துக்கொண்டாலும், 200 லிட்டர் டீசலை ஒற்றியெடுக்க ஐம்பது கிலோவுக்கும் குறைவான தூள் போதும். சில சாக்குகளில் அது அடங்கிவிடும். இருவர் தூக்கிச் சென்றுவிடலாம்.

மேலை நாடுகளில் நார்த்தூளைப் பொட்டலமிட்டு, பணிமனைகளிலும் ஆலைகளிலும் சிந்தும் எண்ணெயை அகற்றும் பொருளாகவே விற்கின்றனர். தூளைப் பரப்பி, சற்றுப் பொறுத்து, விளக்குமாற்றால் கூட்டி அள்ளினால் தரை உலர்ந்துவிடுகிறது. இதற்குத் தனிப் பயிற்சி எதுவும் தேவையில்லை.

தண்ணீரே தடை

இனி, மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். நார்த்தூள் எண்ணெயை விரும்புவதைப் போலவே தண்ணீரையும் விரும்புகிறது. கடலில் மிதக்கும் எண்ணெய்ப் படலத்தின்மீது இதனை அப்படியே தூவினால் அறைகளை முதலில் நீரே நிரப்பிவிடக்கூடும். நீர் குடித்த தூள் எண்ணெய்க்கு இடம் தராது. கனத்து மூழ்கவும் செய்யும். மூழ்கினால் எண்ணெயையும் உடன் கொண்டு அடியில் தங்கி, நண்டும் இறாலும் வாழும் சேற்றைக் கெடுக்கும்.

செயற்கை உறிஞ்சுபொருளான பாலிபுரொப்பிலீன் விரிப்புகள் உலகெங்கும் கோலோச்சுவதற்கு இதுவே காரணம். அவை நீரை விலக்கி எண்ணெயை மட்டும் ஏற்பவை. எடையைப்போல் பத்து மடங்கும் அதற்கு மேலும் ஏற்பவை. ஆனால் அவையும் பெட்ரோலியத்திலிருந்து பிறக்கும் பிளாஸ்டிக்தான். எண்ணெயைத் துடைக்க எண்ணெயிலிருந்தே செய்த, மட்காத பொருளை நாடுகிறோம்.

நார்த்தூளின் இக்குறையை நீக்கும் வழிகள் ஆய்வுக்கூடங்களில் கண்டறியப்பட்டுள்ளன. அசெட்டிக் அன்ஹைட்ரைடு போன்ற வேதிப் பொருளுடன் சேர்த்துப் பக்குவப்படுத்துவது ஒரு முறை. கொழுப்பு அமிலப் பூச்சு கொடுப்பது மற்றொன்று. காற்றில்லாச் சூழலில் வறுத்துக் கரியாக்குவது மூன்றாவது. இவை தூளின் நீர் வேட்கையைக் குறைத்து எண்ணெய் வேட்கையைக் கூட்டுகின்றன. ஆனால் பக்குவப்படுத்தும்போது விலை ஏறும். மலிவு என்னும் முதல் சிறப்பு குறையும்.

எண்ணெயின் தன்மையும் முக்கியம். டீசல் போன்ற மெல்லிய எண்ணெய் விரைந்து உள்ளிறங்கும். கப்பல்களில் எரிபொருளாகும் தார் போன்ற கனத்த எண்ணெய் துகளின் வெளிப்புறத்திலேயே ஒட்டி நின்றுவிடும். வீரியமிக்க நைட்ரிக் அமிலம் போன்றவற்றின்மீது எந்தத் தாவரப் பொருளையும் கொட்டுவது ஆபத்து, தீப்பற்றக்கூடும். பெட்ரோலை உறிஞ்சிய தூளும் எளிதில் தீப்பிடிக்கும் பொருளே.

ஆகவே, நடுக்கடலில் பேரளவில் எண்ணெய் கொட்டினால் அதற்குத் தீர்வு நார்த்தூள் என்று சொல்வது மிகையாகும். அங்கே மிதவைத் தடுப்பும் எண்ணெய் அள்ளும் இயந்திரமும்தான் முதல் ஆயுதம். நார்த்தூளுக்கு உரிய இடம் தரையும் கரையும்: சுத்திகரிப்பு ஆலையின் முற்றம், பெட்ரோல் நிலையம், ரயில் எஞ்சின் பணிமனை, பேருந்துப் பணிமனை, மீன்பிடித் துறைமுக மேடை, லாரி கவிழ்ந்த நெடுஞ்சாலை, எண்ணெய் படிந்த முகத்துவாரக் கரை ஆகியவை. சாக்கிலோ வலையிலோ திணித்து நீண்ட உருளையாகக் கட்டினால், மழைநீர் வடிகாலின் வாயில் எண்ணெயை மறிக்கும் அணையாகவும் உதவும்.

பெரிய கசிவுகள் அனைவர் கண்ணிலும் படுகின்றன. மேற்கண்ட இடங்களில் நாள்தோறும் சிந்தும் எண்ணெய் யார் கண்ணிலும் படுவதில்லை. மழையில் கரைந்தோடி ஏரியையும் ஆற்றையும் அடைவது அதுவே.

எண்ணூரும் ஆலப்புழையும்

2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே "பி.டபிள்யூ. மேப்பிள்', "டான் காஞ்சிபுரம்' என்ற இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. கசிந்த எண்ணெய் மிகக் குறைவு என்றே முதலில் சொல்லப்பட்டது. சில நாள்களில் சென்னைக் கடற்கரையின் பாறைகளில் கரிய குழம்பு அடைந்தபோதுதான் உண்மை நிலை வெளிப்பட்டது. கடலோரக் காவல் படையினருடன் மாணவர்களும் மீனவர்களும் வாளி ஏந்திய படங்கள் உலகெங்கும் வெளியாகின.

2023-ல் நிகழ்ந்தது இன்னும் சிந்திக்கத்தக்கது. அவ்வாண்டு நவம்பர் 25-ல் குஜராத் மாநிலம் வாடினார் கடற்பகுதியில் கடலோரக் காவல் படை தேசிய அளவிலான எண்ணெய்க் கசிவு ஒத்திகையை நடத்தியது. அடுத்த பத்து நாள்களுக்குள் மிக்ஜம் புயல் சென்னையைத் தாக்கியது. மணலியில் உள்ள சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன் ஆலைப் பகுதியிலிருந்து வெள்ளத்துடன் கலந்த எண்ணெய், பக்கிங்ஹாம் கால்வாய் வழியே கொசஸ்தலை ஆற்றையும் எண்ணூர் முகத்துவாரத்தையும் அடைந்தது. படகுகளும் வலைகளும் பாழாயின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு தானாகவே முன்வந்து விசாரணை மேற்கொண்டது. ஒத்திகை ஆழ்கடலுக்கு, ஆபத்து வந்ததோ கால்வாய் வழியாக.

2025 மே மாதம் விழிஞ்ஞத்திலிருந்து கொச்சி நோக்கி வந்த "எம்.எஸ்.சி. எல்சா-3' என்ற லைபீரியக் கொடி தாங்கிய கப்பல், கேரளக் கடலில் சாய்ந்து 25-ம் தேதி மூழ்கியது. அதில் 640 கன்டெய்னர்கள் இருந்தன. எரிபொருள் தொட்டிகளில் 84.44 டன் டீசலும் 367.1 டன் கனரக எண்ணெயும் இருந்தன. கடல்மேல் பரவிய எண்ணெய்ப் படலத்தைக் கலைக்கக் கடலோரக் காவல் படை வேதிப் பொருள் தெளித்தது. கேரள அரசு இதனை மாநிலப் பேரிடராக அறிவித்து, ரூ.9,531 கோடி இழப்பீடு கோரி உயர் நீதிமன்றத்தை அணுகியது.

கொல்லம், ஆலப்புழை மாவட்டக் கரைகளில் கன்டெய்னர்கள் ஒதுங்கின. கயிறு வாரியத்தின் மத்திய தென்னை நார் ஆராய்ச்சி நிலையம் 1959 முதல் இயங்கிவரும் கலவூர் அதே ஆலப்புழை மாவட்டத்தில்தான் உள்ளது. ஆபத்தும், அதற்கு உதவக்கூடிய பொருளும், அதை ஆராயும் நிறுவனமும் ஒரே மாவட்டத்தில் இருந்தும் இவற்றை இணைக்கும் பாலம் இல்லை.

பிறர் தரும் பாடம்

உள்ளூர்க் கழிவுகொண்டு எண்ணெயை எதிர்ப்பது புதுமையன்று. 2020 ஜூலையில் ஜப்பானிய நிறுவனத்துக்குச் சொந்தமான "வகாஷியோ' கப்பல் மொரீஷியஸ் தீவின் பவளத் திட்டில் தரைதட்டியது. ஆகஸ்டில் சுமார் ஆயிரம் டன் எண்ணெய் கசியத் தொடங்கியது. அத்தீவு மக்கள் அரசுக்காகக் காத்திருக்கவில்லை. கரும்புத் தோகையைத் துணிப்பைகளில் அடைத்து, நீண்ட மிதவைகளாகத் தைத்துக் கடலில் இறக்கினர். கரும்பு விளையும் தீவுக்குக் கரும்புத் தோகை. தென்னை விளையும் கரைக்கு நார்த்தூள்.

தில்லியிலேயே இதற்கு முன்னுதாரணம் உண்டு. எரிசக்தி, வள ஆதார நிறுவனம் (டெரி) மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் ஆதரவுடன் "ஆயில்சாப்பர்' என்ற நுண்ணுயிர்க் கலவையை உருவாக்கியது. எண்ணெயை உணவாகக் கொள்ளும் பாக்டீரியாக்களை ஏந்திச் செல்லும் ஊடகமாக அதில் பயன்படுவது மக்காச்சோளச் சக்கையின் தூள். பொதுத்துறை நிறுவனமான ஓ.என்.ஜி.சி.யுடன் கூட்டு நிறுவனமும் அமைந்தது. வயலில் எரிக்கப்படும் சக்கை எண்ணெய் வயலுக்குள் நுழைய முடிந்ததற்குக் காரணம், ஆய்வுக்கூடமும் வாங்கும் நிறுவனமும் கைகோத்ததுதான். நார்த்தூளுக்கு வாய்க்க வேண்டியதும் அதுவே.

ஐந்து கதவுகள்

தில்லியில் இவ்விவகாரம் ஐந்து அமைச்சகங்களின் கதவுகளுக்கு இடையே சிதறிக் கிடக்கிறது. கயிறு வாரியம் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் அமைச்சகத்தின் கீழ் வருகிறது. எண்ணெய்க் கசிவைக் கையாளும் கடலோரக் காவல் படை பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் உள்ளது. துறைமுகங்களுக்குக் கப்பல் துறை அமைச்சகம். சுத்திகரிப்பு ஆலைகளுக்குப் பெட்ரோலிய அமைச்சகம். கழிவு விதிகளுக்குச் சுற்றுச்சூழல் அமைச்சகம்.

1996-ல் நடைமுறைக்கு வந்து பின்னர் திருத்தப்பட்ட தேசிய எண்ணெய்க் கசிவுப் பேரிடர்த் திட்டம் பொறுப்புகளைப் பிரித்துத் தந்துள்ளது. 700 டன் வரையிலான கசிவைச் சமாளிக்கும் வசதியைத் துறைமுகங்களும் எண்ணெய் கையாளும் அமைப்புகளுமே வைத்திருக்க வேண்டும் என்பது அதன் முதல் படிநிலை. தேவையான எண்ணெயில் 85 சதவீதத்துக்கும் மேல் கப்பலில் வரவழைக்கும் நாட்டுக்கு இப்படிநிலையே அன்றாட அரண். நார்த்தூள் போன்ற பொருள் இடம்பெற வேண்டியதும் இங்கேதான்.

பயன்பாட்டுக்குப் பின்

இயற்கைப் பொருள் என்பதால் எண்ணெய் குடித்த தூளைத் தோட்டத்தில் புதைத்துவிடலாம் என்று எண்ணுவது பெரும் பிழை. எண்ணெய் கலந்த எச்சங்கள் 2016-ம் ஆண்டின் அபாயகரக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அபாயகரக் கழிவு ஆகும். அதனைச் சேமிக்கவும் எடுத்துச் செல்லவும் அழிக்கவும் அனுமதியும் கணக்கும் தேவை.

இங்கும் நார்த்தூளுக்கு ஓர் அனுகூலம் உண்டு. எண்ணெய் ஏறிய மணலை எரித்தாலும் மணல் எஞ்சும். எண்ணெய் ஏறிய நார்த்தூளோ முழுவதுமே எரிபொருள். சிமென்ட் ஆலைச் சூளைகளில் உரிய அனுமதியுடன் நிலக்கரியோடு சேர்த்து எரிக்கலாம்.

செய்ய வேண்டியவை

முதலாவது, தரம். எவ்வளவு ஈரம் இருக்கலாம், எந்த எண்ணெயை எத்தனை மடங்கு உறிஞ்ச வேண்டும், எவ்வளவு நேரம் மிதக்க வேண்டும் என்பதை வரையறுக்கும் தர அளவை இந்தியத் தர நிர்ணய அமைவனமும் கலவூர் ஆராய்ச்சி நிலையமும் இணைந்து வகுக்க வேண்டும். தர முத்திரை இல்லாத பொருளை எந்தப் பொதுத்துறை அதிகாரியும் துணிந்து வாங்கமாட்டார்.

இரண்டாவது, கொள்முதல். ஏற்றுமதிக்காகக் கட்டியாக அழுத்தப்படும் நார்த்தூள் நீர் ஊற்றினால்தான் விரியும். எண்ணெய்க்கு வேண்டியது உலர்ந்த உதிரித் தூள். அது இடத்தை அடைக்கும். தொலைவுக்கு அனுப்பினால் வண்டிச் சத்தம் பொருளின் விலையை விழுங்கிவிடும். எனவே கேரளம், தமிழகம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய தென்னை மாநிலங்களின் துறைமுகங்களும் சுத்திகரிப்பு ஆலைகளும் அருகில் உள்ள சிறு ஆலைகளிடம் நேரடியாக வாங்கி, ஈரம் படாமல் இருப்பு வைப்பதே பொருத்தமான முறை. உப்பு நீக்கும் தேவை இதற்கு இல்லை என்பதால் கழுவும் நீரும் செலவும் மிச்சம்.

மூன்றாவது, மக்கள். கசிவு நேரும்போது முதலில் இறங்குவோர் மீனவர்களே. வாளியும் வெறுங்கையுமாக அவர்களை இறக்குவது தோல் நோய்க்கும் மூச்சுத் திணறலுக்கும் ஆளாக்கும் செயல். மீன்பிடித் துறைமுகங்களிலும் முகத்துவாரக் கிராமங்களிலும் நார்த்தூள் உருளைகளும் கையுறையும் காலணியும் முகக்கவசமும் இருப்பு இருக்க வேண்டும். அள்ளியதை எங்கே சேர்ப்பது என்பதும் முன்னரே முடிவாகியிருக்க வேண்டும்.

இவற்றுக்குப் பெருந்தொகை தேவையில்லை. நார் உரிப்பதிலும் தூள் உலர்த்துவதிலும் ஈடுபட்டிருப்போர் பெரும்பாலும் கிராமப்புறப் பெண்கள். எண்ணெய் நிறுவனங்கள் செலவிடும் தொகையில் சிறு பங்கு அவர்களைச் சென்றடையும். எண்ணெய் கரையைத் தொட்டபின் வழக்கும் இழப்பீடும் நிவாரணமும் கோடிக்கணக்கில் விழுங்குகின்றன. அதற்கு முன் தேவைப்படுவதோ உலர்ந்த சில நூறு சாக்குகள். அடுத்த கசிவு எங்கே, எப்போது என்பது எவருக்கும் தெரியாது. ஆனால் அன்றும் மீனவர் கையில் வாளிதான் இருக்குமா என்பதை இன்றே தீர்மானிக்க முடியும். அத்தீர்மானம் தில்லியில்தான் எடுக்கப்பட வேண்டும்.